குழுப் படத்தில் ஒன்பதாவது ஆள்

“நீ எந்த செட்டும்மா?” என்று மோகன்குமார் சார் ஒருமுறை என்னைக் கேட்டார்.

அது போன தை மாதம். நான் படித்த பள்ளிக்கூடத்தில் அவர் கிளார்க். ஆண்டு விழாவுக்கு ஃப்ளெக்ஸ் அடிப்பதற்காக, ராசிபுரத்தில் நான் வேலை செய்யும் கடைக்கு வந்திருந்தார். அவர் கொண்டுவந்த தாளில் பள்ளியின் சின்னம் மங்கலாக இருந்ததால் நான் அதைப் புதிதாக வரைந்தேன். சின்னத்திலிருக்கும் குத்துவிளக்குக்கு எத்தனை திரி என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்காமலேயே ஐந்து போட்டேன். நடுத்திரியைக் கொஞ்சம் உயரமாகவும் போட்டேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார்.

எங்கள் பக்கம் ஒரே வருடத்தில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்து வெளியே போகிறவர்களை ஒரு செட்டு என்பார்கள். கல்யாண மண்டபத்தில் பார்த்தாலும், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தாலும், இரண்டு பேரும் ஒரே பள்ளி என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி இதுதான். எனக்குச் செட்டே கிடையாது. என்னோடு படித்தவர்கள் அப்போதும் பள்ளியில்தான் இருந்தார்கள், ரிவிஷன் தேர்வு எழுதிக்கொண்டு.

“அது பேசாதுங்க சார்,” என்றார் கடைக்காரர் சிவபிரகாஷ் அண்ணன். “வாய்க்குக் குடுக்க வேண்டியதையும் சேத்து ஆண்டவன் கைக்கே குடுத்துட்டான்.”

“பழைய செட்டா இருக்கும்,” என்று மோகன்குமார் சார் தானே பதிலும் சொல்லிக்கொண்டு புறப்பட்டார். அவருக்கு என்னைத் தெரியாது. நான் பள்ளியை விட்டு வந்த பிறகு வேலைக்குச் சேர்ந்தவர் அவர்.

நான் விட்டு வந்தேன் என்று சொல்வதும் சரியில்லை. பதினொன்றாம் வகுப்புப் பொதுத் தேர்வில் எனக்கு இயற்பியல் போய்விட்டது. இரண்டு பிரிவும் சேர்த்து நாங்கள் நூற்று இருபத்தொரு பேர். அதில் ஒன்பது பேருக்கு ஏதாவது ஒரு பாடம் போயிருந்தது. இந்த ஒன்பது பேரையும் வைத்துக்கொண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் போனால் பள்ளியின் நூறு சதவீதத் தேர்ச்சி கெட்டுவிடும் என்று கரஸ்பாண்டன்ட் ஒவ்வொருவருடைய பெற்றோரையும் தனித்தனியாகக் கூப்பிட்டார்.

என் அப்பா மணியன் அதே பள்ளியில் வேன் ஓட்டுகிறார். அதனால் எனக்கும் தம்பி தர்ஷனுக்கும் பாதி ஃபீஸ்தான். அப்பாவைக் கரஸ்பாண்டன்ட் உட்காரச் சொன்னார். அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நான் கதவோரம் நின்றேன்.

“மணியா, புள்ளையப் போட்டுச் செரமப்படுத்த வேண்டாம். டி.சி. வாங்கிட்டுப் போயி கவர்மெண்ட் ஸ்கூல்ல சேத்துருங்க. பையன் இங்கயே படிக்கட்டும். அவன நான் பாத்துக்கறேன்.”

அப்பா “சரிங்க” என்றார். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார். வீட்டுக்கு வரும்போது காலி வேனில் நான் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். இறங்கும்போது, “தம்பியும் அங்கதான் படிக்கோணும் சாமி,” என்றார். அதோடு சரி. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

அரசுப் பள்ளியில் சேர்த்துக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார்கள். நான்தான் போகவில்லை. புது வகுப்பில் எழுந்து நின்று பெயர் சொல்ல வேண்டும், ஏன் அங்கிருந்து வந்தாய் என்று கேட்டால் அதற்கும் பதில் சொல்ல வேண்டும். எங்கள் ஊரான நாமகிரிப்பேட்டையிலிருந்து ராசிபுரத்துக்கு வந்து அந்தப் பள்ளியின் வாசல்வரை இரண்டு நாள் போய்த் திரும்பினேன். மூன்றாவது நாள் அம்மா ராமாயி, “இன்னும் எத்தன நாளைக்குப் பஸ்ஸுக்குக் காசு குடுக்கறது?” என்று கேட்டாள். அம்மா மஞ்சள் மண்டியில் வேலை செய்கிறாள். மண்டியில் யாரோ சொல்லி, இந்த ஃப்ளெக்ஸ் கடையில் ஆள் வேண்டுமென்று தெரிந்தது. இங்கே வாடிக்கையாளர்களிடம் சிவபிரகாஷ் அண்ணன் பேசிக்கொள்வார். நான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் போதும். போட்டோஷாப்பை இரண்டு மாதத்தில் கற்றுக்கொண்டேன்.

எழுதுவது மட்டும் நிற்கவில்லை. எட்டாம் வகுப்பிலிருந்து நோட்டு எழுதுகிறேன். இப்போது கடையில் வீணாகும் தாளைத் தைத்து வைத்துக்கொள்கிறேன். கூடப் படித்தவர்களைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். யாரிடமும் காட்டியதில்லை.

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. அன்று எங்கள் கடைக்குத் தீபாவளி மாதிரி. காலை ஒன்பதரைக்கு ரிசல்ட் என்றால் பத்தரைக்கெல்லாம் பள்ளிகளிலிருந்து ஆள் வந்துவிடும். டியூஷன் சென்டர்காரர்கள் வருவார்கள். மாமன்மார்கள் வருவார்கள். மருமகள் ஐந்நூற்று எழுபது எடுத்திருந்தால் மாமன் தன் படத்தையும் அதில் பாதி அளவுக்குப் போடச் சொல்வார். ஒரே பிள்ளையின் படத்தை ஒரே நாளில் மூன்று ஃப்ளெக்ஸில் நான் ஒட்டியிருக்கிறேன்.

பன்னிரண்டு மணிக்கு மோகன்குமார் சார் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“சிவா, எல்லாத்தையும் ஒதுக்கி வை. நாமக்கல்ல ஒருத்தனும் கையில வாங்க மாட்டேங்கறான். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள காம்பவுண்டுல கட்டியாகோணும்.”

“அல்லாருக்கும் அஞ்சு மணிதானுங்க சார். மெஷினு ஒண்ணுதான இருக்குது.”

“நூறு சதவீதம்ப்பா! தொடர்ந்து பதினொண்ணாவது வருசம்.”

“வருசா வருசம் நூறுதான வாங்கறீங்க. ஒருக்கா தொண்ணூத்தெட்டு வாங்கிப் பாருங்க, பேப்பர்காரன் தேடி வருவான்.”

மோகன்குமார் சார் சிரிக்கவில்லை. பென் டிரைவையும் இரண்டு தாள்களையும் என் மேஜையில் வைத்தார்.

இருபதடிக்கு எட்டடி ஃப்ளெக்ஸ். இடது பக்கம் கரஸ்பாண்டன்ட் கும்பிடுகிற படம். அடுத்து பள்ளியில் முதல் மதிப்பெண், அறுநூற்றுக்கு ஐந்நூற்றுத் தொண்ணூற்று நான்கு, தனப்பிரியா. இரண்டாவது சித்தார்த், ஐந்நூற்றுத் தொண்ணூற்று ஒன்று. கணிதத்தில் நூற்றுக்கு நூறு பதினான்கு பேர், கணினி அறிவியலில் இருபத்து மூன்று பேர், உயிரியலில் மூன்று பேர். அதன் கீழே மற்ற சாதனைகள். பேச்சுப் போட்டியில் சித்தார்த் மாவட்டத்தில் முதலிடம். சிலம்பத்தில் ஒரு பெண்ணுக்கு மாநில அளவில் வெள்ளி. மண்டல அளவில் கபடிக் கோப்பை. வலது பக்கம் முழுக்க மொத்த வகுப்பின் குழுப் படம். அதன்மேல் கொட்டை எழுத்தில், ‘தேர்வு எழுதிய 112 பேரும் தேர்ச்சி.’

அந்தக் குழுப் படத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பன்னிரண்டில் படிப்பு கெடும் என்று எங்கள் பள்ளியில் குழுப் படத்தைப் பதினொன்றிலேயே, சுதந்திர தினத்தன்று எடுத்துவிடுவார்கள். பிரதி கொடுப்பது பன்னிரண்டாம் வகுப்பில். அதற்குள் எனக்கு டி.சி. கொடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது தாளில் அதே படம் பிரிண்ட் எடுத்து, சில முகங்களைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தது.

“வட்டம் போட்ட எட்டுப் பேரையும் எடுத்துரும்மா. எடுத்த தடமே தெரியக் கூடாது.”

“எதுக்குங்க சார் எடுக்கோணும்?” என்றார் சிவபிரகாஷ் அண்ணன்.

“டி.சி. வாங்குன கேசு. போன வருசம் வேறொரு ஸ்கூல்ல என்னாச்சு? ஒரு பையனோட அப்பன் பேனருக்கு முன்னால நின்னு வீடியோ எடுத்துப் போட்டுட்டான். ‘என்ற பையன் போட்டோல நிக்கறான், அவன எதுக்குத் தொரத்துனீங்க, இதா உங்க நூறு சதவீதம்’னு. நாலு நாளைக்கு டி.வி.காரங்க கேட்டுலயே உக்காந்துட்டாங்க. அதான் கரஸ்பாண்டன்ட் சொல்லிட்டாரு. அந்த ஒம்பது பேருல ஒரு மூஞ்சி பேனர்ல தெரிஞ்சாலும், அதுக்குச் சம்பந்தப்பட்டவன் எவனா இருந்தாலும் அன்னிக்கே ஊட்டுக்குப் போலாமுன்னு.”

“ஒம்பதுங்கறீங்க, வட்டம் எட்டுத்தான இருக்குது?”

“ஒண்ணு சிக்கல. யுவஸ்ரீன்னு ஒரு புள்ள. எனக்கு இந்த மூஞ்சியெல்லாம் தெரியாது பாரு, ஃபர்ஸ்ட் மார்க் எடுத்த தனப்பிரியாவக் கூப்பிட்டு உக்கார வெச்சோம். எட்டுப் பேரையும் டக்கு டக்குன்னு தொட்டுக் காட்டுச்சு. ‘யுவஸ்ரீ அன்னிக்கு லீவுங்க சார்’ன்னுருச்சு. ஒரு தொல்ல மிச்சம்.”

சிவபிரகாஷ் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். கடையில் அவர் என்னை அம்முணி என்றுதான் கூப்பிடுவார். யுவஸ்ரீ என்ற என் பெயர் தெரிந்தவர் அங்கே அவர் ஒருவர்தான். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர், “ஒரு மணி நேரத்துல புரூஃப் அனுப்பறேனுங்க சார்,” என்று மோகன்குமார் சாரை அனுப்பி வைத்தார்.

இரண்டாவது வரிசையில் இடமிருந்து நான்காவதாக நான் நின்றேன். ரெட்டைச் சடை. ஒரு ரிப்பன் அவிழ்ந்து தோளில் கிடக்கிறது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருக்கிறேன். என் வலது பக்கம், தோளோடு தோள் ஒட்டி, தனப்பிரியா.

மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். டி.சி. வாங்கிய பிறகு அவள் ஒரு தடவைகூடப் போன் செய்யவில்லை. ஒரு நாள் ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் எதிரெதிரே வந்தோம், அவள் குனிந்து செல்போனைப் பார்க்க ஆரம்பித்தாள். அன்று நோட்டில் அவளைத் திட்டி இரண்டு பக்கம் எழுதினேன். இப்போது அவள், தனக்குப் பக்கத்தில் நிற்கிற என்னைப் பார்த்துக்கொண்டே, லீவு என்று சொல்லியிருக்கிறாள். கரஸ்பாண்டன்டின் அறையில் உட்கார்ந்து, அவர் கொடுத்த லட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லியிருப்பாள். ஏன் சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நாங்கள் அதற்குப் பிறகும் பேசிக்கொள்ளவில்லை.

வேலையை ஆரம்பித்தேன். முதலில் கடைசி வரிசை. சென்னிமலை வகுப்பிலேயே உயரம். அவனை எடுத்தால் பின்னால் வெற்றிடம் தெரியும், அதனால் பக்கத்திலிருந்த வேப்பமரத்தின் இலைகளைக் கொஞ்சம் வெட்டி அவன் இடத்தில் போட்டேன். கபடிக் கோப்பை அவன் விளையாடிய வருடம் வந்தது. இறுதி ஆட்டத்தில் கடைசி ரெய்டு அவன் போனது. கோப்பையின் பெயர் இடது பக்கத்தில் அப்படியே இருந்தது.

மதுமதி மூன்றாவது வரிசையில். அவள் ரெக்கார்டு நோட்டுக்குப் படம் வரைந்தால் புத்தகத்தில் அச்சடித்தது போலிருக்கும். தவளையின் இதயத்தை மட்டும் பதினொரு பேருக்கு வரைந்து கொடுத்தாள். உயிரியலில் நூறு எடுத்த மூன்று பேரும் அந்தப் பதினொரு பேரில் இருந்தார்கள். அவளுக்கு வேதியியல் போய்விட்டது. அவளை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் நின்றவர்களைச் சற்று நெருக்கி வைத்தேன்.

ஜெகதீஸ்வரனை எடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அவன் சித்தார்த்தின் தோளில் கை போட்டு நிற்கிறான். சித்தார்த்துக்கு மேடை ஏறுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் வாந்தி வரும். பேச்சுப் போட்டி எங்கே நடந்தாலும் ஜெகதீஸ்வரன் தண்ணீர் பாட்டிலோடும் ஒரு பிளாஸ்டிக் பையோடும் கூடவே போவான். மேடைக்குக் கீழே முதல் வரிசையில் நின்று, மறந்த இடத்தில் உதட்டை அசைத்துக் காட்டுவான். முழுப் பேச்சும் அவனுக்கும் மனப்பாடம். அவனை எடுத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் சித்தார்த்தின் தோளில் நான்கு விரல்கள் மட்டும் மிச்சமிருந்தன. பெரிதாக்கி வைத்து ஒவ்வொரு விரலாக எடுத்து, அந்த இடத்துக்குச் சட்டைத் துணியை நிரப்பினேன்.

எட்டுப் பேரும் முடிந்ததும் என்னிடம் வந்தேன்.

வட்டம் இல்லை. யாரும் எடுக்கச் சொல்லவில்லை. ஆனாலும் அப்பாவின் வேன் நினைப்பும் தர்ஷனின் நினைப்பும் வந்தது. அவன் அடுத்த மாதம் பத்தாம் வகுப்புக்குப் போகிறான். என்னைச் சுற்றிக் கோடிழுத்து வெட்டினேன். தனப்பிரியாவின் தோளை முழுசாக்கி, பின்னால் இருந்த சுவரை இழுத்து நிரப்பினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். படம் நன்றாக இருந்தது. எதுவுமே குறையவில்லை.

செய்ததைத் திரும்ப எடுக்கும் பட்டனை அழுத்தினேன். மறுபடியும் நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றேன்.

புரூஃபை அனுப்பினோம். வாட்ஸ்அப்பில் ஒரே நிமிடத்தில் கட்டைவிரல் படம் திரும்பி வந்தது. செல்போனில் பார்த்தால் ஒவ்வொரு தலையும் கடுகளவுதான். கரஸ்பாண்டன்ட் தன் படத்தையும் மதிப்பெண்களையும் பார்த்திருப்பார்.

மெஷினில் ஃப்ளெக்ஸ் சுருளை மாட்டிவிட்டு சிவபிரகாஷ் அண்ணன் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“அம்முணி, இதுல எது நீ?”

காட்டினேன்.

“ரிப்பன் அவுந்து தொங்குது. கட்டிவுடச் சொல்ல ஒருத்தரும் இல்லியா?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “இங்க பாரு. உங்கப்பன் அங்கதான வண்டி ஓட்டறாரு?”

“ஆமாங்ணா.”

“அந்த ஆளு சொன்னதக் கேட்டியல்லோ. போன்ல தெரியாது சரி. காம்பவுண்டுல கட்டுனா ஒவ்வொரு மூஞ்சியும் உள்ளங்கை அகலம் வரும். உங்கப்பனக் கூப்பிட்டு உக்கார வெச்சுப் பேசுனவன் உன்ற மூஞ்சிய மறந்திருப்பானா?”

“தெரியுங்ணா.”

“தெரிஞ்சா செரி. எடுக்கறதுன்னா இப்பவே எடுத்துரு. வட்டம் போட்ட எட்டும் எடுத்தாச்சு, அதுக்கு மேல எனக்கு ஒண்ணுந் தெரியாது. நீயாச்சு, உங்க ஊடாச்சு.”

“நான் இருந்துட்டுப் போறனுங்ணா.”

அவர், “கடைக்கு வந்து ஒரு வருசத்துல நீ பேசுன பெரிய பேச்சு இதுதான்,” என்று சொல்லிவிட்டு மெஷினைப் போட்டார்.

மெஷின் இடமும் வலமுமாக ஓடி விரல் அகலம் விரல் அகலமாக அச்சடித்துத் தள்ளியது. கரஸ்பாண்டன்டின் கும்பிட்ட கை வந்தது. தனப்பிரியா வந்தாள். மதிப்பெண்கள் வந்தன. முக்கால் மணி நேரம் கழித்துக் குழுப் படம் வர ஆரம்பித்தபோது நான் வேறொரு மாமனின் ஃப்ளெக்ஸுக்குப் போய்விட்டேன்.

ஓரம் மடித்து, கயிறு கோக்க ரிங் அடித்து முடிக்கும்போது மணி நான்கு. மோகன்குமார் சார் போன் செய்தார். “வேன் வருது சிவா. டிரைவர்கிட்ட நல்லா விரிச்சுக் காட்டிக் குடுத்துரு. போன தடவ ஓரத்துல இங்க் ஒழுகியிருந்துச்சு. அவரே பாத்து வாங்கட்டும்.”

மஞ்சள் வேன் கடைக்கு எதிரே வந்து நின்றது. அதிலிருந்து அப்பா இறங்கினார்.

பள்ளியில் மூன்று டிரைவர்கள். யாரை அனுப்புவார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. அப்பா அதுவரை கடைக்குள் வந்ததில்லை. என்னைக் கூட்டிப்போக வரும் நாட்களிலும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று ஹாரன் அடிப்பார்.

“வாங்ணா,” என்றார் சிவபிரகாஷ் அண்ணன். “உங்க புள்ள செஞ்ச வேலதான். நீங்களே வந்துட்டீங்க.”

“என்றகிட்டச் சொல்லவே இல்லியே சாமி,” என்று அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை.

கடையின் நீளம் பன்னிரண்டடிதான். இருபதடியை ஒரேயடியாக விரிக்க முடியாது. ஒரு பக்கம் விரித்து, பார்த்த பகுதியை மறுபடி சுருட்டிக்கொண்டே போக வேண்டும். அப்பா செருப்பை வாசலில் விட்டுவிட்டு, முட்டி போட்டுத் தரையில் உட்கார்ந்தார். வண்டி வேலையில் எதையும் அவர் கைவைத்துப் பார்த்துத்தான் வாங்குவார். இங்கேயும் அப்படித்தான். ஒவ்வொரு ரிங்கையும் இழுத்துப் பார்த்தார். மை காய்ந்திருக்கிறதா என்று அங்கங்கே நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

“ஐநூத்தித் தொண்ணூத்தி நாலா! எந்தப் புள்ள?” என்றார். “அட, இது புதுப்பட்டி ஸ்டாப்புல ஏறுற புள்ள. எந்நேரமும் ஜன்னல்ல தலைய வெச்சுத் தூங்கிட்டு வருமே.”

“தூங்கியே இந்த மார்க்குன்னா, முழிச்சிருந்தா எங்கீங்ணா போயிருக்கும்?”

அப்பா சிரித்தார். மதிப்பெண்களைத் தாண்டினார். சுருட்டினார். விரித்தார். குழுப் படம் வந்தது. படத்தின் இடது ஓரத்தில் கை வைத்தார். தினமும் ஏற்றி இறக்குகிற பிள்ளைகள் என்பதால் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். முதல் வரிசை முடிந்தது. இரண்டாவது வரிசையில் நான்காவது முகத்துக்கு வந்ததும் கை நின்றது.

வெளியே சேலம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அப்பா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. ஒன்பது பேரில் ஒரு முகமும் இருக்கக் கூடாது என்ற செய்தி அவருக்கும் வந்திருக்கும். பள்ளியில் அன்று காலையிலிருந்து எல்லோருக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள். கட்டப்போவதும் அவர்தான். கட்டிய பிறகு கரஸ்பாண்டன்ட் கார் வந்து நிற்கும்போது கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போவதும் அவர்தான்.

சிவபிரகாஷ் அண்ணன் பக்கத்தில் போய்க் குத்த வைத்து உட்கார்ந்தார். “மணியண்ணா, வேண்டாம்னா ஒரு வார்த்த சொல்லுங்க. அந்த எடத்துக்குச் செவுரு மாதிரி ஒரு துண்டு அடிச்சு மேல ஒட்டிக் குடுத்தர்றேன். பத்து நிமிசம். ஒட்டுனதே தெரியாது.”

நான் எழுந்து நின்றேன். அப்பா சொன்னால் துண்டை நானே அடித்து நானே ஒட்டியிருப்பேன். அதற்காகத்தான் எழுந்தேன். மவுஸில் கைகூட வைத்துவிட்டேன்.

அப்பா அந்த முகத்தின்மேல் மட்டும் நகத்தை வைக்கவில்லை. மூன்றாவது வரிசையையும் கடைசி வரிசையையும் அதே மாதிரி ஒவ்வொருவராகப் பார்த்து முடித்தார். வலது ஓரத்து ரிங்குகளை இழுத்துப் பார்த்தார். பிறகு அச்சு உள்பக்கம் இருக்கும்படி மெதுவாகச் சுருட்ட ஆரம்பித்தார். மடிப்பு விழாமல் இருக்க முழங்கையால் அழுத்திக்கொண்டே சுருட்டினார். சணல் கயிற்றை எடுத்து மூன்று இடத்தில் கட்டினார். டெலிவரி நோட்டில் எங்கே கையெழுத்து என்று கேட்காமல், முந்தைய வரிக்குக் கீழே மணியன் என்று எழுதினார்.

சிவபிரகாஷ் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சுருளைத் தூக்கித் தோளில் வைத்து, வாசலில் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பை மாட்டினார். வேனின் பின்கதவைத் திறந்து, சீட்டுகளுக்கு நடுவே சுருளை நீளவாக்கில் படுக்க வைத்தார். அது உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் தண்ணீர்க் கேனை நகர்த்தி வைத்தார். கதவைச் சாத்தி இழுத்துப் பார்த்துவிட்டு முன்னால் ஏறி வண்டியை எடுத்தார். பள்ளிக்குப் போகிற பக்கம் இண்டிகேட்டர் போட்டு, பஸ் போக வழிவிட்டு, வேன் திரும்பிப் போனது.